கவிழ்த்த படகுக்குள் ஒரு கண்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து தீப்பெட்டி அளவுள்ள கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேமரா என்றேன். லென்ஸ் எங்கே என்றார். லென்ஸ் கிடையாது என்றேன். எத்தனை மெகாபிக்சல் என்றார். மெகா எல்லாம் இல்லை, ஒரே ஒரு பிக்சல்தான் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார்: "பாவம், இந்த மனிசிய ஆரோ நல்லா ஏமாத்திட்டாங்க எண்டு சொல்றாரு."

நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அன்று வரவில்லை. அந்தப் பெட்டியைக் கொடுக்கத்தான் போகிறேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

பெட்டி போய்ச் சேர வேண்டிய இடம் சாய்ந்தமருது. அங்கே றிஸானா என்றொரு விஞ்ஞான ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பதில் சொன்னேன், அடுத்த கேள்வி வந்தது, அப்படியே தொலைபேசியில் தொடர்ந்தது, நான் அவருக்கு ராத்தா, அதாவது அக்கா, ஆனேன். கழித்துப்போட்ட ஒரு புரொஜெக்டரை வாங்கிப் பிரித்து, ஒற்றைப் பிக்சல் கேமராவைத் தானே கட்டிவிட்டார். ஒளியை அளக்கும் நல்ல உணரி மட்டும் அங்கே கிடைக்கவில்லை. அதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி, கேமராவின் கண். அந்த வாரக் கடைசியில் அந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செய்முறை வகுப்பு எடுக்க என்னை அழைத்தார்கள். ஆனால் நான் நான்கு நாள் முன்னதாகவே கிளம்பியதற்குக் காரணம் வகுப்பு இல்லை. றிஸானாவின் கணவர் ஜௌபரின் படகு.

கிழக்குக் கரையில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரிக்குத் தெரிய வழியே இல்லை. கல்முனையில் பேருந்து நின்றபோது விழித்தேன், இன்னும் நேரம் இருக்கிறது என்று கண்ணை மூடினேன். மறுபடி விழித்தபோது காரைதீவு. ஓட்டோ பிடித்துத் திரும்பினேன். "சாய்ந்தமருதத் தாண்டிப் போனது உங்களுக்குத் தெரியலையா மிஸ்?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வயல், ஒரு பொட்டல் ஏதாவது இருந்தால்தானே தெரியும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அந்தச் செவ்வாய் மாலை சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இடியப்பம், சொதி, மாசிச் சம்பல், பொரித்த மீன், அதன் பிறகு எருமைத் தயிரும், பாணி என்கிற இனிப்புப் பாகும். தயிர்ச்சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. எங்கள் ஊரில் தயிரைக் கரண்டியால் ஊற்றுவோம். இங்கே வெட்டி எடுக்கிறார்கள். மூன்றாம் முறை நான் வெட்டும்போது ஜௌபர், "சாப்பிடுங்க மிஸ். ஒங்கட கண்ணுதான் ஒண்டு, வயிறு பெரிசு போல" என்றார். ஆள் அப்படித்தான், கேலி இல்லாமல் பேசத் தெரியாது.

றிஸானா சிரிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் நடுக்கடலில் மிதந்து வந்த மரத்தில் படகின் அடி மோதியிருந்தது. ஓட்டை விழுந்த இடத்தை ஹனீபா என்பவர் பைபர் வைத்து ஒட்டினார். ஊரில் உள்ள பாதிப் படகுகள் அவர் கைபட்டவை. ஆனால் அதற்குப் பிறகும் ஜௌபர் கடலுக்குப் போய் வரும்போதெல்லாம் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டு வருது ராத்தா. இவர் அலை அடிச்ச தண்ணி எண்டு சொல்றார். சனிக்கிழமை விடியச் சுபஹோட தூரக் கடலுக்கு மூணு பேரோட போகப் போறார். நான் என்னத்தச் சொல்லி நிப்பாட்டுற?" என்றார் றிஸானா.

"கடல்ல தண்ணி வராம சோறா புள்ள வரும்?" என்றார் ஜௌபர்.

படகின் அடியை வெளியிலிருந்து பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். பைபர் என்பது கண்ணாடி இழைகளைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவது. அடி வாங்கினால் மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே அடுக்கு பிரிந்துகொண்டே போகும். தூத்துக்குடியில் அப்படிப் பிரிந்த படகொன்று கடலில் இரண்டாகப் போனதை நான் அறிவேன். அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். அதை இவர்களிடம் சொல்லவில்லை.

எங்கள் யோசனை எளிமையானது. பைபர் தோல் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். படகைக் கவிழ்த்து, வெளியிலிருந்து புரொஜெக்டரால் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டம் கட்டமான ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒரு கோலத்துக்குப் பின் இன்னொரு கோலம், ஆயிரக்கணக்கில். படகுக்குள் மணலில் வைத்த ஒற்றைக் கண், ஒவ்வொரு கோலத்துக்கும் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வந்தது என்று ஒரே ஓர் எண் சொல்லும். எந்தக் கோலத்துக்கு எந்த எண் என்பதை வைத்துக் கணினி படத்தைக் கட்டிவிடும். பிளவு இருக்கும் இடத்தில் ஒளி குறையும். சாதாரணக் கேமராவை உள்ளே வைத்தால் மங்கல் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், ஏனென்றால் ஒளி தோலுக்குள் சிதறித்தான் வருகிறது. ஒற்றைக் கண்ணுக்குச் சிதறலைப் பற்றிக் கவலை இல்லை. அது கூட்டுத்தொகையை மட்டுமே கேட்கிறது.

புதன் காலை கடற்கரைக்குப் போனோம். கவிழ்த்து வைத்திருந்த படகைப் பார்த்ததும் றிஸானா தலையில் கைவைத்துவிட்டார். படகு கரும்பச்சையில் பளபளவென்று மின்னியது. பெயின்ற் இன்னும் முழுக்கக் காயவில்லை.

"இந்தியாவில இரிந்து ஒரு மிஸ் நம்மட போட்டப் பாக்க வாறாங்க. பழசா, சொறி புடிச்ச மாதிரியா காட்டுற? ரெண்டு பூச்சு அடிச்ச," என்றார் ஜௌபர் பெருமையாக.

அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, எனக்காகப் படகை அலங்கரித்திருக்கிறார்கள். அந்த இரண்டு பூச்சுக்குள் ஊசிமுனை வெளிச்சம்கூட நுழையாது. விஷயத்தைச் சொன்னதும் ஜௌபர் மணலைப் பார்த்தார். பிறகு உப்புத்தாள் வாங்கப் போனார்.

பகல் முழுவதும் சுரண்டினோம். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குப் பச்சை போய்ப் பழைய வெளிர்நீலம் தெரிந்தது. ஹனீபாவும் வந்தார். நாற்பது வயதிருக்கும், முகத்தில் சிரிப்பு இல்லாத மனிதர். தன் ஒட்டைச் சந்தேகப்படுகிறோம் என்ற மனத்தாங்கல் அவருக்கு. கத்திப்பிடியால் படகின் அடியைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஒட்டுக்கு இடப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் இரண்டாம் தடவை தட்டினார்.

"இஞ்ச சத்தம் செத்துப்போய் வருது. ஆனா இது என்ட ஒட்டில்ல," என்று சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

வியாழன் காலை தறப்பாளைக் கூடாரம்போலக் கட்டிப் படகையும் புரொஜெக்டரையும் மூடினோம். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்தோம். கச்சான் காற்று தறப்பாளைத் தூக்காமல் இருக்க ஓரமெல்லாம் மண்மூட்டை. உள்ளே இருந்த சூட்டில் இடியப்பம் அவித்திருக்கலாம். ஆனால் கட்டங்கள் ஓடத் தொடங்கியதும் எனக்கு வியர்வை மறந்தது. சின்னதும் பெரியதுமாக, விநாடிக்கு இருபது கோலம் படகின் வயிற்றில் ஓடியது. "மருதமுனைச் சாரன் மாதிரி இரிக்கி," என்றார் ஜௌபர், இடுப்பிலிருந்த கட்டம்போட்ட கைலியைக் காட்டி.

முதலில் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம், ஒவ்வொரு கோலமும் வெள்ளை கறுப்பு மாற்றி இரண்டு முறை. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒட்டு ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கல். "இது என்ட போட்டா, முட்டைப் பொரியலா?" என்றார் ஜௌபர்.

கேமரா நல்லதாக இருந்தால் தெளிவாக வருமா என்று கேட்டார். கண்ணில் குறை இல்லை, கட்டம்தான் பெரியது என்றேன். கட்டத்தைச் சிறிதாக்கினால் தெளிவு கூடும். ஆனால் கட்டம் கூடினால் கோலமும் கூடும், நேரமும் கூடும். அந்த நேரம் முழுவதும் படகு அசையக் கூடாது.

"வெளங்கிட்டு. கண்ணு ஒண்டுதான், கேள்விதான் கூடணும்," என்றார் அவர். என் மாணவர்களுக்கு இதை விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

அடுத்து அறுபத்துநான்குக்கு அறுபத்துநான்கு, ஏழு நிமிடம். அதற்குள் தறப்பாளுக்குள் ஏதோ படம் ஓடுகிறது என்று கரையெல்லாம் செய்தி பரவிவிட்டது. வந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள், என் ஊரைக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே படகில் சாய்ந்தார்கள். கரையில் படகு என்றால் சாய்வதற்குத்தான். படம் கோடு கோடாக இழுபட்டு வந்தது. இரண்டாம் முறை ஜௌபர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு அம்மா எனக்குத் தேத்தண்ணியும் தொதல் என்ற இனிப்பும் கொண்டுவந்து, தட்டைப் படகின் முதுகில் வைத்தார். "குடிங்க மகள், வேர்த்து ஒழுகுது" என்றார். குடித்தேன். அருமையான தேத்தண்ணி. படம் போய்விட்டது.

மூன்றாம் முறையும் கெட்டபோது நான் கத்திவிட்டேன். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை, பொதுவாகத்தான். எல்லோரும் கலைந்தார்கள். ஐந்து நிமிடத்தில் வேறு பத்துப் பேர் வந்தார்கள். ஜௌபர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உடுங்க மிஸ். நீங்க வந்ததே எங்களுக்குச் சந்தோசம். நான் சனிக்கிழமை போய்ட்டு வந்திருவன், இன்ஷா அல்லாஹ்." றிஸானா புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஜௌபர் சட்டைக்கு இஸ்திரி போடுவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை. எங்கள் ஊரில் மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. மாதா கோயில் பூசை நேரத்தில் கரையில் நாய்கூட இருக்காது. இங்கே? நாளை வெள்ளிக்கிழமை.

"றிஸானா, நாளைக்கு ஜும்ஆ எவ்வளவு நேரம்?"

றிஸானா என்னை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. "பயான், குத்பா, தொழுகை எல்லாம் சேத்து முக்கால் மணித்தியாலம் வரும் ராத்தா. ஒருத்தரும் கரையில இரிக்க மாட்டாங்க. ஓட்டோவும் ஓடாது." பிறகு விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "நூத்தி இருபத்தெட்டுக்கு நூத்தி இருபத்தெட்டுப் போட்டா இருவத்தேழு நிமிசம்!"

நாங்கள் இன்னொன்றும் செய்தோம். பாய் அளவு இடத்தை விட்டுவிட்டு, ஹனீபா சோக்கட்டியால் வட்டம் போட்ட இடமும் ஒட்டும் மட்டும் அடங்கும்படி, புரொஜெக்டரை ஒரு முழச் சதுரத்துக்கு நெருக்கி வைத்தோம். இப்போது ஒவ்வொரு கட்டமும் ஒரு பயறு அளவு. அந்த மனிதரின் காது இடத்தைச் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்கு இந்தத் துணிவு வந்திருக்காது.

வெள்ளி பன்னிரண்டு மணிக்குக் கரை வெள்ளைச் சட்டைகளாக நகர்ந்து பள்ளிவாசல் பக்கம் போனது. ஜௌபர் கடைசியாகத் திரும்பிப் பார்த்து, "கவனம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அலைச் சத்தமும் தூரத்து ஒலிபெருக்கியும் மட்டும்தான். றிஸானா பிஸ்மில்லாஹ் சொல்லி விசையைத் தட்டினார்.

இருபத்தேழு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தறப்பாளுக்கு வெளியே ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றோம். பத்தாவது நிமிடத்தில் ஒரு காகம் வந்து படகின் வால்பக்கம் உட்கார்ந்தது. விரட்டினால் எகிறும், விட்டுவிட்டால் நடக்கும். றிஸானா சத்தமில்லாமல் முந்தானையை ஆட்டினார். காகம் அவரை மதிக்கவே இல்லை. அது இரண்டடி நடந்து, யோசித்து, தானாகவே பறந்தது. காகத்தின் கனத்துக்குப் படகு இடம் மாறாது, பரவாயில்லை என்று சைகை செய்தேன். ஒவ்வொரு எண்ணும் முழுப் படத்தையும் தொட்டு வருவது, சில எண்கள் கெட்டால் படம் எங்கும் லேசாகத் தூசி படியும், ஒரு மூலையும் காணாமல் போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காகத்தை நான் சபித்த சாபம் கொஞ்சமல்ல.

கணினித் திரையில் படம் வந்தது. ஒட்டு அப்பழுக்கில்லாத ஒரு வட்டமாக நின்றது. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சோக்கட்டி வட்டத்துக்குள், மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தொடங்கி, இரண்டாகக் கிளை பிரிந்து, படத்தின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. இன்னும் அப்பாலும் போயிருக்கும். போன பக்கம் படகின் நடுமுதுகு.

"அல்லாஹ்," என்றார் றிஸானா. பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். இருபது வருடமாக ஆய்வகத்தில் சாவியையும் இலையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

தொழுகை முடிந்து வந்த ஜௌபர் திரையை வெகுநேரம் பார்த்தார். "பெயின்ற் சுரண்டின கீறலா இரிக்கும்," என்றார். குரலில் வலு இல்லை. ஹனீபா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து விரலால் அளந்து, கோடு இருக்க வேண்டிய இடத்தில் கத்தியை இறக்கினார். மேல்தோல் ஓலைபோல உரிந்து வந்தது. உள்ளே இழைகள் கறுத்து, நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. நாலு நாள் வெயிலில் கிடந்த படகு அது. ஹனீபா ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

ஜௌபர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு நாலு பேர் இதுல போயிரிப்பம்," என்றார். கொஞ்சம் கழித்து றிஸானாவை நிமிர்ந்து பார்த்தார். "முட்டைப் பொரியல் எண்டு சொன்னது பிழைதான் புள்ள."

"என்ட ஒட்டு எப்பிடி நிண்டிரிக்கி, பாத்தீங்களா?" என்று ஹனீபா கூடியிருந்தவர்களுக்கெல்லாம் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு றிஸானா வீட்டில் சஹனில் சோறு வைத்தார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி றிஸானா, அவர் உம்மா, தேத்தண்ணி கொண்டுவந்த அந்த அம்மா, நான். வட்டிலப்பம் என்ற இனிப்பு வந்தபோது எனக்கு இடமே இல்லை. ஆனாலும் இடம் இருந்தது.

அதற்கடுத்த நாட்கள் வகுப்பில் போயின. ஹனீபா பிளவை அடிவரைக்கும் வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டினார். புதன்கிழமை படகு இறங்கியது. வியாழன் காலை திரும்பி வந்த ஜௌபர், மீனைக் காட்டவில்லை. எங்களைக் கூப்பிட்டு, படகின் அடியில் தன் துண்டைத் தேய்த்து எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஓட்டோ சொல்லியிருந்தேன். இத்தனை நடந்த பிறகும் அந்த நேரத்துக்கு ஓட்டோ சொல்லும் மண்டை என்னுடையது. ஓட்டோக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார். "ஜும்ஆ முடியட்டும் மிஸ். அதுவரைக்கும் கரையில நில்லுங்க, றிஸானா மிஸ்ஸும் அங்கதான்," என்று பையோடு என்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனார்.

மணலில் ஆறு படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு முழச் சதுரத்துக்குப் பெயின்ற் சுரண்டியிருந்தது. சதுரத்துக்குள் ஹனீபாவின் சோக்கட்டி வட்டம். மடித்த தறப்பாள் காலடியில் கிடக்க, றிஸானா புரொஜெக்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றார்.

"ஆறையும் எப்படி முடிப்பாய்? ஒன்றுக்கே அரை மணி நேரம் தேவை, ஜும்ஆவோ முக்கால் மணி நேரம்தானே," என்றேன்.

அவர் பதில் சொல்லுமுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவித்தல் ஒன்று. தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் நேராக வீட்டுக்குச் செல்லவும். மாலை அஸர் தொழுகை வரைக்கும் யாரும் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது, யாரும் படகுகளில் சாயக் கூடாது. றிஸானா மிஸ் படம் எடுக்கிறார்.

ஒலிபெருக்கி இரண்டாம் முறையும் அதையே சொன்னது. தன் பெயர் ஊர் முழுக்கக் கேட்கும்போது றிஸானா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. கடைசி வெள்ளைச் சட்டையும் தெருவில் மறைந்தது. கரை அமைதியானது.

"எதுல தொடங்குவம் ராத்தா?" என்றார்.

நான் பயணப்பையை மணலில் போட்டுவிட்டு, சிவப்புப் படகுக்கு அடியில் கண்ணை வைக்கக் குனிந்தேன்.